புதுப்பிப்பு: தன்னார்வலர்கள் கிடைத்துவிட்டார்கள்

எங்கள் அமைப்புக்குத் தன்னார்வலர்களை எப்படிச் சேர்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி, ஆள் சேர்ந்துவிட்டது.

பொது அறிவிப்பை விட்டுவிட்டு நேரில் கேட்டோம். பொத்தாம்பொதுவாக "உதவுங்கள்" என்றால் யாரும் அசைவதில்லை. "சனிக்கிழமை இரண்டு மணி நேரம், முதியவர்களுக்குப் படிவம் நிரப்பித் தரணும், மூன்று மாதம் போதும்" என்றதும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் அங்கேயே சரி என்றார். இப்போது முதலில் வந்து நாற்காலி போடுவதும் அவர்தான்.

புதியவரை முதல் நாளே பழையவர் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். தனியாக நிற்பவர் மறுவாரம் வருவதில்லை. போக்குவரத்துச் செலவையும் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வசதியுள்ளவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

ஐ.நா. 1985இல் அறிவித்த பன்னாட்டுத் தன்னார்வலர் நாள், டிசம்பர் 5. அன்று இவர்களுக்கு எல்லோர் முன்பும் நன்றி சொல்லப்போகிறோம். அப்புறம், மாலையில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர இன்னும் ஆள் தேவை.