புதுப்பிப்பு: நெல் சீட்டில் நீண்டுபோன தசமங்கள்

கிளிநொச்சியில் நெல் நிறுப்பதற்கு எழுதிய பைதன் நிரலில் 0.1, 0.2 கிலோவைக் கூட்டினால் சீட்டில் 0.30000000000000004 என்று விழுகிறது எனக் கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது. எஃப்-சரத்தில் (மாறியின் மதிப்பை உள்ளே பதித்துக் காட்டும் எழுத்துத் தொடர்) மாறிக்குப் பின்னால் முக்காற்புள்ளி, அப்புறம் ‘.2எஃப்’, அதாவது இரண்டு தசம இடங்கள். இப்போது 0.30 என்றே வருகிறது.

சிலர் ‘.3ஜி’ போடச் சொன்னீர்கள். அது தசம இடங்களை எண்ணாது, பொருளுள்ள இலக்கங்களைத்தான் எண்ணும். 1234.5 கிலோ 1.23இ+03, அதாவது 1.23 × 1000, ஆகிவிடும். மாரி முழுக்க வயலில் நின்ற கமக்காரரிடம் அப்படியொரு சீட்டை நீட்ட எனக்கு மனம் வராது.

சரி, இவை காட்சியை மட்டுமே மாற்றும். 2.675 இருமத்தில் (கணினியின் 0, 1 எண்முறையில்) சற்றுக் குறைவாகச் சேமிக்கப்படுவதால் ‘.2எஃப்’ அதை 2.67 என்றே காட்டும். ஆகவே காசுக் கணக்கை டெசிமலுக்கு (எண்களைத் தசமமாகவே வைத்துக் கணக்கிடும் பைதன் வகை) மாற்றிவிட்டேன். எண்ணை மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுங்கள். மிதவையாக (மேற்கோள் குறியில்லாத வழக்கமான தசம எண்ணாக) கொடுத்தால் அதே பிழை உள்ளே வந்துவிடும்.