வாராவாரம் திறந்த நடை வேண்டுமா, வேண்டாமா?

செங்காந்தள்:
எங்கள் பகுதி இயற்கைக் காப்பகத்தில் இதுவரை மாதம் ஒருமுறைதான் வழிகாட்டியோடு நடை. முன்பதிவு உண்டு, பதினைந்து பேருக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். இப்போது பராமரிப்புக் குழு அதை வாராவாரம் ஆக்கி, பதிவே இல்லாமல் யார் வந்தாலும் கூட்டிப்போகலாம், நடை முடிந்ததும் எல்லோரையும் ஒரு மணி நேரம் களை பிடுங்க வைக்கலாம் என்று யோசிக்கிறது. உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். நான் எதிர்த்து எழுதப் போகிறேன்.

வேலி போட்டது உள்ளே இருப்பவற்றுக்காக, நமக்காக இல்லை. மிதிபட்டால் மண் இறுகும், இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் மேலோடு ஓடிப் பாதையை அரிக்கும், பாதை சேறானதும் எல்லோரும் சேற்றுக்கு ஒதுங்கி ஓரத்துப் புல்லில் நடப்பார்கள், அப்படியே ஒற்றையடிப் பாதை ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வந்துவிடும். செடிகளுக்கு வரும் சேதத்தில் பெரும்பங்கு முதல் சில மிதிகளிலேயே நடந்துவிடுகிறது என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தெரிந்துகொண்டே வாரம் ஒரு கூட்டத்தை ஏன் உள்ளே விட வேண்டும்?

நடைவண்டி:
நான் நடைகளை வழிநடத்துகிறவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்காந்தள், நீங்கள் சொன்ன அந்த ஆய்வு முடிவு சரிதான், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. முதல் சில மிதிகளில்தான் பெரும் சேதம் என்றால், ஏற்கெனவே மிதிபட்டு இறுகிவிட்ட பாதையில் இன்னும் முப்பது பேர் நடப்பதால் கூடுதலாக வரும் சேதம் குறைவு. புதுப்புல்லில் பத்துப் பேர் இறங்கினால்தான் ஆபத்து. அதனால்தான் மக்கள் அதிகம் வரும் இடங்களில் எல்லோரையும் ஒரே பாதையில் குவிக்க வேண்டும், பரவ விடக்கூடாது என்று சொல்கிறார்கள். வழிகாட்டி இல்லாமல் தனியாக வருகிறவர்கள்தான் படம் எடுக்கப் புதருக்குள் இறங்குகிறார்கள், குறுக்குவழி போடுகிறார்கள். சேறு இருந்தால் சேற்றிலேயே நடங்கள், செருப்பைக் கழுவிக்கொள்ளலாம் என்று சொல்வதற்கு ஒரு ஆள் முன்னால் போக வேண்டும். அந்த ஆள்தான் நான்.

ஆட்காட்டி:
புல்லைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். புல் பாதையோடு நின்றுவிடும், பறவையின் பயம் பாதையோடு நிற்பதில்லை.

2007-ல் சிட்னிக்கு அருகே காடுகளில் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. நாயோடு ஆள் நடந்த பாதைகளில் பறவை வகைகள் 35 சதவீதமும் மொத்தப் பறவைகள் 41 சதவீதமும் குறைவாக இருந்தன. நாய் வராதே, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நாய் இல்லாமல் மனிதர்கள் மட்டும் நடந்தபோதும் பாதிப்பு இருந்தது, நாயால் வந்ததில் பாதிக்கும் குறைவுதான், ஆனால் இருந்தது. அந்த நடையில் போனது ஒன்றிரண்டு பேர். இங்கே முப்பது பேர், பேச்சும் சிரிப்புமாக.

அப்புறம் தரையில் முட்டையிடும் பறவைகள். ஆட்காட்டியும் பக்கியும் கூடு என்று எதையும் கட்டுவதில்லை, வெறும் தரையில், கூழாங்கல்லோடு கல்லாக, சருகோடு சருகாக முட்டை கிடக்கும். கூட்டம் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து தள்ளிப் போய்விடும். கூட்டம் நின்று, பைனாகுலரைக் கைமாற்றி, கேள்வி கேட்டு, கலைவதற்குள் வெயிலில் முட்டை வெந்துபோகும். அல்லது மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் காக்கை வந்து எடுத்துக்கொள்ளும். கூட்டத்துக்கு இது எதுவுமே தெரியாது, நல்ல நடை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

தூறல்:
எல்லோரும் காப்பகத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தனியாகப் போக முடிகிறவர்களாகவே எழுதுகிறீர்கள். என்னால் முடியாது. விடியற்காலையில் ஆள் இல்லாத பாதையில் ஒரு பெண் தனியாக நடந்தால் பாதிக் கவனம் பின்னால் யார் வருகிறார்கள் என்பதிலேயே போய்விடும், பறவையை எங்கே பார்ப்பது? குழுவாகப் போகிற நடை இருப்பதால்தான் என் போன்றவர்கள் உள்ளே வருகிறோம். வயதானவர்கள், சரியாகக் கண் தெரியாதவர்கள், பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மாக்கள், எல்லோருக்கும் இதேதான். மாதத்துக்குப் பதினைந்து பேர் என்றால் அந்தப் பதினைந்தும் பதிவு திறந்த நிமிடமே தெரிந்தவர்களுக்குள் முடிந்துவிடுகிறது. எதிர்த்து எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே உள்ளே போய்ப் பார்த்தவர்கள் என்பதையும் கவனியுங்கள்.

படக்காட்சி, புத்தகம் எல்லாம் நடைக்கு ஈடாகாது. ஒரு மரங்கொத்தி தட்டுகிற சத்தம் எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்று பக்கத்தில் நின்று ஒருவர் காட்டித்தான் நான் கற்றுக்கொண்டேன்.

செங்காந்தள்:
தூறல், நீங்கள் சொல்வது நியாயம், அதற்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. ஆனால் பதிவில் நடக்கும் ஓரவஞ்சனைக்குத் தீர்வு பதிவைச் சரி செய்வது. பதிவையே எடுத்துவிட்டு வாசலில் எண்பது பேர் வந்து நின்றால், தூரத்திலிருந்து வந்தவர்களைத் திரும்பிப் போங்கள் என்று எந்த வழிகாட்டியும் சொல்ல மாட்டார். எண்பது பேருக்கு ஒரு வழிகாட்டி என்றால் பின்னால் வரும் அறுபது பேருக்கு அவர் குரலே கேட்காது. அவர்கள் வழிகாட்டி இல்லாமல் வந்தவர்கள் மாதிரிதான்.

புல்நுனி:
களை வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை.

நான் பல காலமாக உண்ணிச்செடி எடுக்கும் தன்னார்வலர் குழுவில் இருக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் பிடுங்குவது சுலபம். உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் பகுதி மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, துளிர் வருவது அங்கிருந்துதான், அதற்கும் கீழே வேரை வெட்டி, செடியை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் கிடக்கிற இடத்திலேயே மறுபடி வேர்விடும். பார்த்தீனியம் என்றால் பூப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும், பூத்த பிறகு உலுக்கிப் பிடுங்கினால் விதையை நாமே தூவிவிட்டு வருகிறோம். கையுறை இல்லாமல் தொட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் வந்துவிடும். நடை முடிந்து களைத்துப்போய், செடி எது களை எது என்று அன்றுதான் முதன்முறை பார்க்கிறவர்களிடம் ஒரு மணி நேரத்துக்கு மண்வெட்டியைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஆர்வத்தில் இளம் நாட்டுச் செடிகளையும் சேர்த்துப் பிடுங்கிக் குவித்துவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. களை எடுத்த இடம் வெற்று மண்ணாக வெயிலில் கிடக்கும். அதில் முதலில் முளைப்பது மறுபடி களைதான், ஏனென்றால் மண்ணுக்குள் அதன் விதை ஏராளமாக இருக்கிறது. ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்று சிட்னியில் இரண்டு சகோதரிகள் 1960-களில் இதற்கு ஒரு முறை வகுத்தார்கள். களை மண்டிய இடத்தில் ஆரம்பிக்காதே, நல்ல காடு இருக்கும் இடத்தில் ஆரம்பித்து களையை நோக்கி மெதுவாகப் போ, மண்ணை முடிந்தவரை கிளறாதே, நாட்டுச் செடிகள் மீண்டு வரும் வேகம்தான் உன் வேகம். இவ்வளவுதான் முறை. இதற்கு நூறு பேர் தேவையில்லை, மாதாமாதம் அதே இடத்துக்குத் திரும்பி வரும் ஆறு பேர் தேவை. கூட்டம் வந்து ஒரே நாளில் பெரிய இடத்தைச் சுத்தம் செய்து படம் எடுத்துக்கொள்வது கண்ணுக்கு நிறைவாக இருக்கும், அடுத்த மழைக்கு அந்த இடம் முன்பைவிட மோசமாகும்.

நடைவண்டி:
புல்நுனி அக்கா, அந்த ஆறு பேர் எங்கிருந்து வருவார்கள்? வானத்திலிருந்து குதிப்பதில்லை. நடைக்கு வந்தவர்களில் ஒருவர் மறுமாதமும் வருவார், அப்புறம் பாதை ஓரக் குப்பையை எடுப்பார், அப்புறம் செடி பெயர் கேட்பார். உங்கள் குழுவில் இருப்பவர்களில் நடை வழியாக வராதவர் யாராவது உண்டா?

சிகாகோவில் நடந்ததையும் எல்லோரும் யோசிக்க வேண்டும். அங்கே நகரை ஒட்டிய காப்புக்காடுகளில் 1977-லிருந்தே தன்னார்வலர்கள் பழைய புல்வெளியையும் ஓக் மரங்களையும் மீட்டுக்கொண்டிருந்தார்கள். அயல் புதர்களை வெட்டினார்கள், சில மரங்களைப் பட்டை சீவிச் சாகவிட்டார்கள், கட்டுப்படுத்தித் தீ வைத்தார்கள், எல்லாம் ஆராய்ந்து செய்ததுதான். ஆனால் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அது காடு அழிக்கிற வேலையாகத்தான் தெரிந்தது, எங்களைக் கேட்காமல் எங்கள் மரங்களை ஏன் வெட்டுகிறீர்கள் என்று கிளம்பினார்கள். 1996-ல் மாவட்ட நிர்வாகம் வேலையை நிறுத்தி வைத்தது, சில இடங்களில் தடை பல ஆண்டுகள் நீடித்தது. வேலை செய்கிறவர்கள் மட்டும் காட்டுக்குள், சுற்றி வாழ்கிறவர்கள் வேலிக்கு வெளியே என்று வைத்தால் இப்படித்தான் முடியும். அந்த மக்களோடு சேர்ந்து காட்டுக்குள் நடந்திருந்தால் பாதிக் கோபம் வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆட்காட்டி:
நீங்கள் சிகாகோ என்றால் நான் நியூசிலாந்து என்பேன். அங்கே கௌரி என்ற பெரிய காட்டு மரங்களை வேர் அழுகல் நோய் கொல்கிறது. நோய்க்கிருமி மண்ணில் இருக்கிறது, நடக்கிறவர்களின் காலணிச் சேற்றில் ஒட்டி மரத்துக்கு மரம் போகிறது. காட்டை நேசித்து நடந்தவர்களின் காலணிதான் அது, வேறு யாருடையதும் இல்லை. ஆக்லாந்து நகரை ஒட்டிய வைட்டாக்கிரே காட்டுக்குள் யாரும் போகக்கூடாது என்று 2017-ல் அங்கத்துப் பூர்வகுடிகளான மாவோரி மக்களே தடை விதித்தார்கள், அடுத்த ஆண்டு நகர நிர்வாகமும் காட்டை மூடியது.

நடைவண்டி:
மூடியதைச் சொன்னீர்கள், அப்புறம் நடந்ததையும் சொல்லுங்கள். பாதைகளை மேம்படுத்தி, வேர்ப் பகுதிக்கு மேல் பலகைப் பாதை போட்டு, வாசலில் காலணி கழுவும் இடம் வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஆளை உள்ளே விடாமலே இருப்பது என்று முடிவெடுக்கவில்லை.

ஆட்காட்டி:
பணமும் நேரமும் போட்டுச் செய்த பிறகு திறந்தார்கள். நம் குழு எதுவும் செய்யாமல் திறக்கப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றா?

இன்னும் ஒன்று இருக்கிறது, பலருக்கு இது பிடிக்காது. பறவையை வெளியே வரவைக்க அதன் குரலையே கைப்பேசியில் ஒலிக்க விடுவது. இனப்பெருக்கக் காலத்தில் அதைக் கேட்கும் ஆண் பறவை, தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. வாராவாரம் ஒரு வழிகாட்டி அதே புதருக்கு முன்னால் நின்று இதைச் செய்தால் அந்தப் பறவைக்கு வாழ்க்கையே இல்லை. அப்புறம் கூட்டில் இருக்கும் பறவையைப் படம் எடுத்து இடத்தோடு போடுவது. பார்த்த உயிர்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளமே அழிநிலையில் இருக்கும் உயிர்களின் சரியான இடத்தை மறைத்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் காட்டுகிறது. முப்பது பேர் கைப்பேசியில் முப்பது குழுவில் போடும் படத்தை யார் மறைப்பார்கள்?

நடைவண்டி:
குரல் ஒலிக்க விடுவதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். என் நடையில் அதற்கு இடமே இல்லை, செய்கிற வழிகாட்டி இருந்தால் நீக்க வேண்டும். கூட்டுப் படத்துக்கும் அதேதான்.

ஆனால் பலர் பார்ப்பதால் கிடைக்கும் பயனையும் சொல்ல வேண்டும் இல்லையா. அமெரிக்கப் பறவையியலாளர் பிராங்க் சாப்மன் 1900-ல் கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்று கூப்பிட்டபோது வந்தது 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது, எந்தப் பறவை குறைகிறது, எது வடக்கே நகர்கிறது என்று விஞ்ஞானிகள் அதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். எண்ணியவர்களில் பெரும்பாலோர் சாதாரண மனிதர்கள். ஒரே பாதை, ஒரே நேரம், வாராவாரம் பட்டியல் என்றால் பத்து வருடத்தில் நம் காப்பகத்துக்கும் அப்படி ஒரு ஆவணம் இருக்கும். ஆட்காட்டிப் பறவை குறைகிறதா என்று அப்போது உங்களால் ஆதாரத்தோடு சொல்ல முடியும்.

செங்காந்தள்:
பட்டியல் விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது, அதை மறுக்கவில்லை. இருந்தாலும் பதிவில்லாத நடையை நான் ஏற்க மாட்டேன். என் கடிதத்தில் எழுதப்போவது இது: வாராவாரம் நடக்கட்டும், ஆனால் வெளிவட்டப் பாதையில் மட்டும். குளத்தங்கரைக்குப் போகும் கிளைப்பாதை, பறவைகள் முட்டையிட ஆரம்பித்ததிலிருந்து குஞ்சுகள் பறக்கும் வரை மூடப்பட வேண்டும், குழு உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான். வழிகாட்டி ஒருவருக்குப் பதினைந்து பேர், அதற்கு மேல் ஒருவர்கூடக் கிடையாது. களை வேலையை நடையிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

புல்நுனி:
கடைசி வரிக்காகவே நான் கையெழுத்துப் போடுகிறேன். நடை முடிந்ததும் ஏதாவது வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் குப்பை பொறுக்கட்டும், பாதையில் குறுக்கே விழுந்த கிளையை ஒதுக்கட்டும். மண்வெட்டி வேண்டாம். களைக் குழுவில் சேர விரும்புகிறவர்கள் தனியாக வரட்டும், முதல் சில மாதம் பழகிய ஒருவரின் பக்கத்திலேயே உட்கார்ந்து செடிகளை அடையாளம் காணக் கற்கட்டும். எந்த இடத்தில் எப்போது எடுத்தோம், மறுபடி எப்போது போக வேண்டும் என்று ஒரு நோட்டு வேண்டும். இப்போது அது என் ஒருத்தியின் ஞாபகத்தில்தான் இருக்கிறது, நாளை நான் வர முடியாமல் போனால் யாருக்கும் தெரியாது.

ஆட்காட்டி:
கிளைப்பாதையை மூடினால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. வாராவாரம் என்பது அதிகம், இரு வாரத்துக்கு ஒருமுறை என்று தனியாக எழுதுவேன்.

தூறல்:
பதிவு வேண்டும் என்றால் கணினியில் மட்டும் வைக்காதீர்கள் என்று கடிதத்தில் சேர்க்க முடியுமா செங்காந்தள்? பாதி இடத்தை அன்று காலை வாசலில் பெயர் எழுதுகிறவர்களுக்கு ஒதுக்கலாம், இதுவரை ஒருமுறையும் வராதவர்களுக்கு முதல் உரிமை கொடுக்கலாம். அப்படி இருந்தால் நானும் உங்கள் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன், இல்லையென்றால் நடைவண்டி அண்ணா எழுதுவதில்தான்.

செங்காந்தள்:
சேர்த்துவிட்டேன். முழுக் கடிதத்தையும் இங்கேயே போடுகிறேன், குழு கூடுவதற்குள் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.