காலநிலைப் புனைவு: பெரும் பணக்காரர் வெறும் வில்லனாகவே நிற்கிறார், என்ன செய்யலாம்?

காகிதக்கப்பல்:
என் நாவலில் ஒரு கோடீஸ்வரர், எந்த அரசையும் கேட்காமல் வானில் கந்தக டை ஆக்சைடு தூவி பூமியைக் குளிர்விக்கிறார். பிரசங்கம் இல்லாமல் அறக்கேள்வியை எப்படி எழுப்புவது?

நீலவானம்:
முதலில் அவர் திட்டம் பலிக்கட்டும். தோற்கும் திட்டத்தில் அறச்சிக்கலே இல்லை. 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை சுமார் 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடைக் கக்கியது. உலக சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. அந்த வாயுவிலிருந்து உருவாகி வெயிலைத் திருப்பியனுப்பிய துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் கீழே இறங்க, குளிர்ச்சியும் போனது. உங்கள் முடிச்சு இங்கேதான். தூவிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால், அதுவரை சேர்ந்த கரியமில வாயுவின் வெப்பம் சில ஆண்டுகளிலேயே மொத்தமாக வந்து சேரும். அவர் இறந்தால்? வாரிசு மறுத்தால்? நிறுவனம் திவாலானால்?

பயணிகள் விமானத்தில் தூவுவதாக மட்டும் எழுதாதீர்கள். வெப்பமண்டலத்தில் 10–12 கி.மீ. உயரம் போதாது, மழை கழுவிவிடும். சுமார் 20 கி.மீ. வேண்டும்.

உப்புக்காற்று:
தனி விமானம், உல்லாசப் படகு எல்லாம் சலித்துவிட்டது. பெரும் செல்வரின் கரியமில வாயு உமிழ்வில் சொந்த நுகர்வைவிட முதலீடுகளின் பங்கு பெரிது. நிலக்கரிச் சுரங்கப் பங்குகளை விற்றுக் கை கழுவுகிறார். வாங்கியவர் இன்னும் வேகமாகத் தோண்டுகிறார். விற்றது சரியா?

காகிதக்கப்பல்:
தூவியதால்தான் மழை பொய்த்தது என்று வேறொரு நாட்டு விவசாயி வழக்குப் போட்டால்?

நீலவானம்:
போடட்டும். ஆனால் ஒரு வறட்சிக்குத் தூவியதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது; வறட்சி வரும் வாய்ப்பு இத்தனை மடங்கு கூடியது என்றுதான் விஞ்ஞானி சாட்சி சொல்வார். கோடீஸ்வரரின் வக்கீல் அந்த இடைவெளியில்தான் புகுவார்.