புதுப்பிப்பு: பாய்லர் புகைக்குழாய்க் கசிவு சரியானது

புது கண்டென்சிங் கேஸ் பாய்லரின் (புகையைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் வகை) புகைக்குழாய் மூட்டில் தண்ணீர் சொட்டுகிறது, சிலிகான் பூசினால் போதுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போதாது.

உரிமம் பெற்ற டெக்னீஷியன் வந்து பார்த்தார். தாங்கி இல்லாததால் குழாய் நடுவில் தொய்ந்து, தண்ணீர் மூட்டில் தேங்கியிருக்கிறது. ரப்பர் வளையமும் விலகியிருந்தது. குழாய் பாய்லரை நோக்கிச் சுமார் 3 டிகிரி, அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 5 செ.மீ. சரிய வேண்டுமாம். அப்போதுதான் புகை குளிர்ந்து உண்டாகும் அமிலத் தண்ணீர் திரும்பி வந்து வடிகாலில் இறங்கும்.

எனக்குப் பயம் தண்ணீரைப் பற்றியல்ல. தண்ணீர் கசியும் மூட்டில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் கசியலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சரிசெய்த பிறகு கருவி வைத்துப் புகையைச் சோதித்தார், அளவு சரி. அப்புறம் அலாரமும் மாட்டியாச்சு. பாய்லரை உடனே அணைக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.