சின்ன லேத்துக்கு குவிக் சேஞ்ச் டூல் போஸ்ட்: எந்த சைஸ்? (உடனே சொல்லுங்க)

புதுச்சீவல்:
வணக்கம். டூல் மாத்தும்போதெல்லாம் உயரம் சரியா வர அடியில தகடு வச்சு வச்சு வெறுத்துப் போச்சு. குவிக் சேஞ்ச் டூல் போஸ்ட் (டூலை ஹோல்டரோட சட்டுனு மாத்தக்கூடிய தாங்கி) வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். 250-000, 250-100 ரெண்டு சைஸ்ல எது போடலாம்? சின்ன லேத்துதான். இன்னைக்கே ஆர்டர் போடணும், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

அரம்:
எந்த லேத்? எவ்வளவு சின்னது? டூல் என்ன சைஸ் வச்சிருக்கீங்க?

சுழல்தண்டு:
யோசிக்கவே வேண்டாம், 250-100 போடுங்க. டூல் போஸ்ட்டுல பெருசுதான் நல்லது. கனம் கூடினா அதிர்வு குறையும். அதுக்கு ஹோல்டரும் எல்லா வகையிலயும் கிடைக்கும். 000-க்கு அவ்வளவு வகை வராது. பின்னாடி பெரிய லேத் வாங்கினாலும் அதே ஹோல்டரை மாட்டிக்கலாம்.

மரையாணி:
இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கக்கூட நேரம் இல்லையா தம்பி? லேத்தோட அளவே சொல்லாம டூல் போஸ்ட் அளவு கேட்டா யார் என்ன சொல்ல முடியும்? 000-ங்கிறது ஜீரோ எக்ஸ்.ஏ., சுமார் 9 இஞ்ச் ஸ்விங் வரைக்கும். 100-ங்கிறது ஏ.எக்ஸ்.ஏ., 12 இஞ்ச் வரைக்கும். அதுக்கு மேல பி.எக்ஸ்.ஏ. இவ்வளவுதான் விஷயம்.

புதுச்சீவல்:
மன்னிக்கணும் ஐயா. மூணரை இஞ்ச் லேத்.

சுழல்தண்டு:
மூணரையா? அப்ப மேசை மேல வைக்கிற குட்டி மெஷின். அதுக்கு ரெண்டுமே பெருசு. நான் முன்னாடி சொன்னதை விட்டுடுங்க.

நூலெண்:
அவசரப்படாதீங்க. மூணரைங்கிறது எதுன்னு முதல்ல தெரியணும். ஷெர்லைன் மாதிரி மெஷினை மூணரை இஞ்ச்னு சொன்னா அது ஸ்விங், அதாவது பெட்டுக்கு (லேத்தோட அடித்தளத்துக்கு) மேல சுத்தக்கூடிய முழு விட்டம். மைஃபோர்டு எம்.எல். 7-ஐ மூணரை இஞ்ச்னு சொன்னா அது சென்டர் உயரம், ஸ்விங் அதுல ரெண்டு மடங்கு, 7 இஞ்ச். அமெரிக்கக்காரங்க விட்டத்தைச் சொல்வாங்க, பிரிட்டிஷ்காரங்க பாதியைச் சொல்வாங்க. மரையாணி ஐயா கொடுத்த கணக்கெல்லாம் விட்டத்துக்கானது.

புதுச்சீவல், பெட்டுலேருந்து (ஜாப்பைப் பிடிக்கிற) சக்கோட நடு மையம் வரைக்கும் மூணரையா, இல்ல மூணரை இஞ்ச் ஜாப்தான் அதிகபட்சமா?

புதுச்சீவல்:
பெட்டுலேருந்து மையம் வரைக்கும் 90 மி.மீ.

அரம்:
அப்ப ஸ்விங் 180, ஏழு இஞ்ச் மினி லேத். நல்லது. ஆனா ஸ்விங் வச்சு முடிவு பண்ணினா பாதிப்பேர் ஏமாந்து போறாங்க. நமக்கு வேண்டியது காம்பவுண்ட் ஸ்லைடோட (டூல் போஸ்ட் நிக்கிற, கோணத்துல திருப்பக்கூடிய மேல் ஸ்லைடு) மேல்முகத்துலேருந்து ஸ்பிண்டில் சென்டர் வரைக்கும் எவ்வளவு உயரம்ங்கிறது. ஒரே ஸ்விங் உள்ள ரெண்டு லேத்துல இது வேற வேறயா இருக்கும்.

அளக்கறது சுலபம். சக்குல ஒரு துண்டு ராடைப் பிடிச்சு, லேசா ஒரு கட் எடுத்து உருட்டா ஆக்கிட்டு விட்டத்தை அளங்க. டூல் போஸ்ட்டைக் கழட்டிட்டு காம்பவுண்ட்டை ராடுக்கு அடியில கொண்டு வாங்க. ராடோட அடிப்பக்கத்துக்கும் காம்பவுண்ட்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அளங்க, டிரில் பிட்டோட ஷேங்கை (தண்டை) நுழைச்சுப் பார்த்தாலும் போதும். அதோட ராடு விட்டத்துல பாதியைக் கூட்டுங்க. 20 மி.மீ. ராடு, இடைவெளி 11-ன்னா சென்டர் 21.

இப்ப ஹோல்டர் வரைபடத்தை எடுங்க. டூல் உட்கார்ற பள்ளத்துக்கு அடியில எவ்வளவு கனம் இருக்குன்னு போட்டிருக்கும். அதோட டூல் ஷேங்க் உயரத்தைக் கூட்டினா, வர்ற தொகை அந்த சென்டர் உயரத்தைவிட ஒரு மி.மீ.யாவது குறைவா இருக்கணும். கூடினா ஹோல்டர் காம்பவுண்ட்டுல முட்டிக்கிட்டு நிக்கும், டூல் முனை சென்டருக்கு மேலயே இருக்கும். அதைக் கீழே இறக்க சின்ன ஷேங்க் டூல் போடணும், இல்லேன்னா காம்பவுண்ட்டை மில்லிங் பண்ணணும்.

மரையாணி:
எல்லாம் சரி, ஆனா பிஸ்டன் டைப் வாங்கிடாதீங்க. 250-100 பிஸ்டன், 250-111 வெட்ஜ், சைஸ் ஒண்ணுதான். பிஸ்டன் ஹோல்டரை ஒரு இடத்துல வெளியே தள்ளிப் பிடிக்கும். வெட்ஜ் டவ்டெயில் (புறாவால் வடிவப் பிடிப்பு) முகத்தோட இழுத்து உட்கார வைக்கும். கழட்டி மாட்டினா அதே இடத்துக்குத் திரும்பி வர்றது வெட்ஜ்தான். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், புதுசா வர்றவங்களுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கு.

சுழல்தண்டு:
ஏழு இஞ்ச் லேத்துல பிஸ்டன் தாராளமாப் போதும் ஐயா. அந்த மெஷின்ல வளையறது டூல் போஸ்ட் இல்ல, காம்பவுண்ட்தான். ஸ்லைடோட ஆட்டத்தைக் குறைக்கிற ஜிப் தகட்டை இறுக்கினாலும் கொஞ்சம் அசையும். சரியா வேணும்னா காம்பவுண்ட்டைத் தூக்கிட்டு, அந்த இடத்துல ஒரு கட்டி இரும்பை வச்சு அது மேல டூல் போஸ்ட்டை மாட்டுங்க. பார்ட்டிங் பண்ணும்போது (ஜாப்பைத் துண்டா வெட்டும்போது) அந்த வித்தியாசம் காதுலயே கேக்கும். கட்டியோட உயரத்தை நாமளே முடிவு பண்ணலாம்கிறதால எந்த சைஸ் போஸ்ட்டும் உட்காரும்.

நூலெண்:
காம்பவுண்ட்டைத் தூக்கிட்டா குட்டை டேப்பர் (கூம்பு) எப்படிக் கடையறது? 60 டிகிரி த்ரெட்டுக்கு (மரைக்கு) 29.5 டிகிரியில வச்சு உள்ளே கொண்டு போறது எப்படி?

சுழல்தண்டு:
சின்ன பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) த்ரெட்டை, குறுக்கே நகர்ற கிராஸ் ஸ்லைடுலயே நேரா இறக்கலாம், ஒண்ணும் ஆகாது. டேப்பர் வேணும்கிற அன்னைக்கு காம்பவுண்ட்டைத் திரும்ப மாட்டிக்கலாம்.

நூலெண்:
2 மி.மீ. பிட்ச்சை இந்த மெஷின்ல நேரா இறக்கிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வெட்டும், சீவல் நடுவுல நெருக்கிக்கிட்டு கிழியும். காம்பவுண்ட்ல சாய்ச்சுப் போனா ஒரு பக்கம்தான் வெட்டுது, முகம் பளிச்சுனு வருது. புதுசாக் கத்துக்கிறவருக்கு காம்பவுண்ட்டைக் கழட்டச் சொல்றது சரியே இல்ல.

மரையாணி:
கழட்டறது, மாட்டறதுன்னு வேற இழை ஆரம்பிச்சு அங்க பேசுங்க. இங்க கேட்டது சைஸ்.

அரம்:
சைஸுக்கே வர்றேன், ஒரு விஷயம் விட்டுப் போச்சு. போஸ்ட் பெருசாக ஆக, டூல் முனை காம்பவுண்ட்டைத் தாண்டி வெளியே தள்ளி நிக்கும். நெம்புகோல் நீளமானா அழுத்தம் கூடுது, சின்ன ஸ்லைடு அதைத் தாங்காது. பெரிய விட்டத்துல கடையும்போது கிராஸ் ஸ்லைடை பின்னாடி இழுக்கவும் இடம் பத்தாது. "பெருசுதான் நல்லது" இந்த மெஷினுக்குப் பொருந்தாதுன்னு சொல்றது அதனாலதான்.

அதேபோல ரொம்பச் சின்னதைப் போட்டாலும் தப்பு. ஹோல்டரைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டி வரும், டவ்டெயில்ல பாதிதான் பிடிக்கும்.

புதுச்சீவல்:
அளந்துட்டேன். 21 வருது. நான் பார்க்கிற வரைபடத்துல 100-க்கு அடிக்கனம் 10, 000-க்கு 7.5. டூல் எல்லாம் 12 மி.மீ. ஷேங்க்.

அரம்:
அப்ப வேலை முடிஞ்சுது. 100-ல 22, ஒரு மி.மீ. மேல நிக்கும். 000-ல 19.5, ஒன்றரை மி.மீ. விளையாட்டு இருக்கு. 000 போடுங்க. ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் அந்த அடிக்கனம் மாறும், அதனால நீங்க வாங்கப் போற ஹோல்டரோட வரைபடம்தானான்னு ஒருமுறை பார்த்துக்குங்க. 16 மி.மீ. டூல் இதுல ஏறாது, இனி வாங்கற டூலெல்லாம் 12, இல்லேன்னா 10.

சென்டர் பார்க்கறதுக்கு: ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவுல மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசா நெருக்குங்க. ஸ்கேல் நேரா நின்னா சென்டர் சரி. ஸ்கேலோட மேல் முனை உங்க பக்கம் சாஞ்சா டூல் கீழே இருக்கு, ராடு பக்கம் சாஞ்சா மேல இருக்கு. ஹோல்டரோட உயர நட்டைத் திருப்பிச் சரி பண்ணி லாக் பண்ணிட்டா, அந்த டூலுக்கு இனி தகடே வேண்டாம்.

புதுச்சீவல்:
000 ஆர்டர் போட்டாச்சு. எல்லாருக்கும் நன்றி.

மரையாணி:
வெட்ஜா பிஸ்டனா?

நூலெண்:
அவர் போயிட்டார் போல. திரும்பி வந்தா பார்க்கட்டும்னு எழுதி வைக்கறேன்: மினி லேத் பலதுல காம்பவுண்ட்டுல டீ ஸ்லாட் (டி வடிவப் பள்ளம்) கிடையாது, ஸ்டட்தான் (மரை போட்ட தண்டு) நிக்கும். அதோட விட்டத்தையும் போஸ்ட் துளையையும் ஒப்பிட்டுப் பாருங்க. துளை பெருசா இருந்தா நடுவுல ஒரு புஷ் (இடைவெளியை அடைக்கிற வளையம்) கடைஞ்சு போடுங்க, இல்லேன்னா நட்டை இறுக்கும்போது போஸ்ட் நகர்ந்துடும். போஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே, பழைய நாலு பக்க போஸ்ட் இருக்கும்போதே அந்த புஷ்ஷைக் கடைஞ்சு வச்சுக்குங்க.