சிமுலேட்டர் சோதனை: ஓட்டுநர் கீழே பார்த்த நேரம் பதிவில் காணவில்லை

கேள்வி:
வணக்கம். கார் சிமுலேட்டரில் ஓட்டுபவர், நடுவிலுள்ள தொடுதிரையில் ஒரு முகவரியை உள்ளிடும்போது எவ்வளவு நேரம் சாலையிலிருந்து கண்ணை எடுக்கிறார் என்று அளந்து வருகிறேன். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலே என் அளவுகோல். அதன்படி 24 பேரில் குறைந்தது 21 பேருக்கு, ஒரு பணிக்காகக் கண் விலகும் மொத்த நேரம் 12 நொடியைத் தாண்டக் கூடாது. என் பதிவில் 24 பேருமே தேறுகிறார்கள். ஆனால் ஐந்து பேருக்கு மொத்தமே 4, 5 நொடிதான் வருகிறது; முகத்தைப் படம்பிடித்த காணொளியிலோ அவர்கள் நெடுநேரம் குனிந்து பார்க்கிறார்கள். கண் எங்கே பார்க்கிறது என்று பதிவு செய்யும் ஐ டிராக்கரை டாஷ்போர்டின் மேல் வைத்திருக்கிறேன். தெரிந்த புள்ளிகளைப் பார்க்கச் சொல்லிக் கருவியைச் சரிசெய்யும் அளவுத்திருத்தத்தை மூன்று முறை செய்தும் பயனில்லை.

பதில் 1:
அந்த ஐவரின் கோப்பில், பணி நடந்த நேரத்தில் எத்தனை மாதிரிகள் (கருவி அடுத்தடுத்து எடுக்கும் ஒவ்வொரு அளவீடும் ஒரு மாதிரி) செல்லாதவை என்று குறிக்கப்பட்டுள்ளன என எண்ணிப் பாருங்கள். குனியும்போது மேலிமை தாழ்ந்து கண்பாவையை மறைப்பதால், மேலிருக்கும் ஐ டிராக்கரின் கேமராவுக்குக் கண் அகப்படாது. நிரல் அந்த இடைவெளிகளை ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் கூட்டியிருக்கும். கண்மையும் கருவியைக் குழப்பும்தான். ஆனால் அது கீழே பார்க்கும்போது மட்டுமல்ல, நேராகப் பார்க்கும்போதும் குழப்பும்.

கேட்டவர்:
உண்மைதான். ஒருவருக்கு ஏறத்தாழப் பாதி மாதிரிகள் இல்லை. முன்பின் மதிப்புகளைக் கொண்டு நிரப்பிவிடலாமா?

பதில் 2:
வேண்டாம். கண் சிமிட்டல் பெரும்பாலும் 0.4 நொடிக்குள் முடிந்துவிடும்; அந்த அளவுள்ள, இருபுறமும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இடைவெளிகளை மட்டும் நிரப்புங்கள். அதைவிட நீண்டவற்றுக்கு, ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் இருவர் முகக் காணொளியை ஒவ்வொரு படச்சட்டமாக ஓட்டி, கண் எப்போது விலகியது என்று குறிப்பதே வழி. அலுப்பான வேலை, ஆனால் தப்ப முடியாது. ஓட்டுநரின் பார்வையை அளப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 15007இன்படி, கண் தொடுதிரையை நோக்கி நகரத் தொடங்கும் கணமே பார்வையின் தொடக்கம் என்பதை இருவருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்த சோதனைக்கு ஐ டிராக்கரின் கேமராவைத் தொடுதிரையின் அருகே தாழ்த்தி வைத்து, முன்திரையில் மட்டுமன்றித் தொடுதிரையிலும் சில புள்ளிகளைக் காட்டி அளவுத்திருத்தம் செய்யுங்கள்.

கேட்டவர்:
இருவர் அமர்ந்து குறித்து முடித்தோம். ஐவரில் நால்வர் 12 நொடியைத் தாண்டிவிட்டனர். தேறியவர்கள் இப்போது 20 பேர். எனவே அந்தத் தொடுதிரைப் பணி தேறவில்லை என்றே எழுதப்போகிறேன். இருவருக்கும் நன்றி.