பாத்தெர்னோவைத் துரோகி என்று சொல்லலாமா?

கேள்வி (மணிமாறன்):
பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பெத்ரோ பாத்தெர்னோ 1897 டிசம்பரில், அந்நாட்டை ஆண்ட ஸ்பெயினுக்கும் கிளர்ச்சித் தலைவர் அகினால்டோவுக்கும் இடையே நின்று, சண்டையை நிறுத்தும் பியாக்-நா-பாத்தோ உடன்பாட்டை முடித்துவைத்தார். 1898 மே மாதம் ஸ்பானிய ஆளுநர் அகுஸ்தின் அமைத்த ஆலோசனைச் சபைக்குத் தலைவராகி, மக்கள் ஸ்பெயின் பக்கம் நிற்க வேண்டும் என்று அறிக்கை விட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்துக்கொண்ட நாட்டின் சட்டமன்றமான மாலோலோஸ் பேரவைக்கும் அவரே தலைவர். இதைத் துரோகம் என்பதா, வேறு பெயர் உண்டா?

பதில் (செல்வி):
அவருடைய கொடி மாறியதே தவிர கோரிக்கை மாறவில்லை என்பது என் கருத்து. மணிலாவின் படித்த செல்வந்தர்களில் பலர் நெடுங்காலம் கேட்டது பிரிவினையை அன்று. ஸ்பானிய நாடாளுமன்றத்தில் இடமும் சம உரிமையும், பின்னர் தன்னாட்சியும்தான். 1898 மே 1 அன்று அமெரிக்கக் கடற்படைத் தளபதி டியூயி ஸ்பானியக் கப்பற்படையை அழித்ததும், இதுவரை மறுத்த தன்னாட்சியை ஸ்பெயின் இனியாவது தரும் என்று பாத்தெர்னோ கணக்கிட்டார். அது பொய்த்ததும் குடியரசின் பக்கம் வந்தார். 1899 மே மாதம், அதுவரை அப்பதவியில் இருந்த மபினியை விலக்கிக் குடியரசின் அமைச்சரவைத் தலைவரானபோது, ஸ்பெயினை அடுத்து நாட்டைக் கைக்கொள்ள வந்த அமெரிக்கர் முன்வைத்த தன்னாட்சித் திட்டத்தின் பக்கம் சாய்ந்ததும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சியே. குடியரசுக்கும் இந்தப் படித்த செல்வந்தர்களை விட்டால் சட்டம் எழுதவும் வெளிநாடுகளோடு பேசவும் ஆள் குறைவு என்பதையும் மறக்கலாகாது.

பதில் (இரா. கதிர்):
கோரிக்கை மாறவில்லை என்றால், உடன்பாட்டை முடித்துக் கொடுத்ததற்குக் கூலியாக டியூக் பட்டமும் பணமும் கேட்டு அவர் எழுதிய கடிதத்தை எந்தக் கோரிக்கையில் சேர்ப்பது? அகினால்டோவும் அதே உடன்பாட்டின்படி 4,00,000 பெசோ பெற்றுக்கொண்டு ஹாங்காங் போனவர்தான். ஆனால் அந்தப் பணத்தை வங்கியில் வைத்துப் பின்பு ஆயுதம் வாங்கச் செலவிட்டார். பாத்தெர்னோவோ தமக்கென்று கேட்டார். பெலிப்பே புவென்கமினோவின் கதை இன்னும் விசித்திரமானது. அகினால்டோவை ஸ்பெயின் பக்கம் இழுக்க அகுஸ்தின் அனுப்பிய தூதர் அவர். போன இடத்தில் சிறைப்பட்டு, பின்னர் குடியரசின் அமைச்சராகவே ஆனார்.

பதில் (செல்வி):
கடிதத்துக்கு என்னிடம் நல்ல விளக்கம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில் (தமிழ்ச்செல்வன்):
இருவரும் மேல்தட்டினரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஸ்பெயின் அவசரமாகத் திரட்டிய உள்ளூர்ப் படைகளில் பல, தமக்குக் கொடுக்கப்பட்ட துப்பாக்கிகளோடு அகினால்டோவிடம் போய்ச் சேர்ந்தன. அவர்களை எவரும் துரோகிகள் என்பதில்லை. பம்பாங்கா மாகாணத்தின் மக்காபெபே ஊர் வீரர்களோ ஸ்பெயினுக்கு விசுவாசமாகவே இருந்து, அது போன பிறகு அமெரிக்கப் படையில் சேர்ந்தனர். 1901 மார்ச் 23 அன்று பலானன் என்ற ஊரில் அகினால்டோவைப் பிடிக்க உதவியவர்கள் இவர்களே. பிடிபட்ட அகினால்டோ ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தார்.